நான்கு எபிசோட் கேட்டுவிட்டுச் செய்த சிபாரிசு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும்,

போன வாரம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில், "மேடம், நீங்க கேட்டதுலயே நல்ல பாட்காஸ்ட் எல்லாம் ஒரு லிஸ்ட் போடுங்க" என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கும்பிடும் பொம்மைகள் மூன்று. ரிட்டயர் ஆனவளிடம் யோசனை கேட்பது பாதி மரியாதைக்காக என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். பெயர்களைக் குழுவிலேயே போட்டுவிட்டேன். அந்தப் பட்டியலோடு சேர்த்துப் படிக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பட்டியல் மட்டும் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பாதியில் நிறுத்துகிற பழக்கம் எனக்கும் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நீங்கள் சேர்ந்திருக்கும் இந்த ஒலிக்கூடத்தில் நிகழ்ச்சி தயாரிப்பதோடு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊர் உலகத்தில் வருகிற தமிழ் பாட்காஸ்ட்களைக் கேட்டு, மலையில் இருப்பவர்களுக்கு எது ஆகும் என்று மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. உங்களுக்கு இதெல்லாம் போனில் ஒரு பொத்தான். எங்களுக்கு அது மெமரி கார்டு. மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்களில் அப்போது சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சாமான் வாங்கவும் ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இருந்த செல்போன் கடையில் கார்டைக் கொடுப்பார்கள். கடைக்காரர் முருகேசன் நாங்கள் கொடுத்த பாட்காஸ்டை முதல் எபிசோடிலிருந்து கடைசி வரைக்கும் அதில் ஏற்றித் தருவார். எல்லாவற்றுக்கும் முன்னால் என் குரல் இருக்கும். இந்த மாதம் இதைக் கேளுங்கள், இன்ன காரணத்துக்காகக் கேளுங்கள் என்று இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். மலையில் யாரும் பாட்காஸ்ட் என்று சொன்னதில்லை. "இந்த மாசக் கார்டு வந்துருச்சுங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் இந்தக் கார்டுக்கு நல்ல கிராக்கி. பெண்கள் ஆறு பேர், எட்டு பேராக வரிசை போட்டுப் பறிப்பார்கள். அவர்களில் ஒருத்தி போனை இடுப்புப் பையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். காலையில் தொடங்கினால் எடை போடுகிற நேரம் வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பட்டியலில் முதலில் இருப்பது, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் பேசுவது. எபிசோடுக்கு ஒரு நிறுத்தம். அங்கே யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், யாருடன் சில்லறைக்குச் சண்டை, இவ்வளவுதான் விஷயம். அவரிடம் எனக்குப் பிடித்தது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். "இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேருன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது" என்பார். மைக்கைப் பிடித்தவர்கள் இப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

இரண்டாவது, ஒரு அம்மாவும் மகளும் சண்டை போட்டுக்கொண்டே சமைப்பது. ஒரு எபிசோடில் குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்துவிடும். அதை வெட்டி எறியாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தக் கார்டு மலைக்குப் போயிருந்த மாதத்தில் ஒரு எஸ்டேட் மேஸ்திரி நேராக நம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "ஏனுங்க மேடம், பொம்பளைங்க எல்லாம் கையக் கட்டிப்போட்டுச் சிரிச்சுட்டே நிக்கறாங்க. பழம் செடியிலயே கெடக்குதுங்க" என்று ஒரே சத்தம். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்து, போகும்போது, "அந்தக் கார்டு ஒண்ணு எனக்கும் குடுங்க, ஊட்டுல கேக்கறாங்க" என்றார். வேலையில் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்களில் அது ஒன்று. அப்படிப்பட்ட நாட்களும் இருந்தன என்பதற்காக எழுதுகிறேன்.

மூன்றாவது, ஒரு பெண் வக்கீல் பேசுவது. விதவை பென்ஷனுக்கு மனு எழுதுவது எப்படி, பட்டாவில் பெயர் மாற்றுவது எப்படி என்பது மாதிரி விஷயங்கள். குரல் வறட்சிதான். கேட்கிறவருக்குப் புரியவில்லையோ என்று சொன்னதையே மூன்று முறை சொல்வார். பட்டணத்துக்காரர்கள் பத்து நிமிடத்தில் அணைத்துவிடுவார்கள். மலையில் மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் பெண்கள் இரண்டு மாதம் கேட்டார்கள். அணைத்துவிட்டு வேறு போட அந்தக் கார்டில் வேறு எதுவும் இல்லை. இது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பொறுப்பாளர். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார். பழைய வானொலி ஆள், சேலத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பாட்காஸ்டைக் கேட்டு, பிரமாதம் என்று குதித்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். "எத்தனாவது கேட்டீங்க?" என்றார். முதல் மூன்று என்றேன். "கண்ணு, மொதல்ல வர்றத எல்லாருமே நல்லாத்தான் செய்வாங்க. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு எவன் கெட்ட சட்டை போடுவான்? கடைசியா வந்ததக் கேளுங்க. அப்பறம் நடுவுல நாலு. அப்பறமா வாங்க" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன். ஒரே ஒரு மாதம் செய்யவில்லை.

அந்த மாதம் பறிப்பு தொடங்குகிற மாதம். கார்டுக்கு நான் எடுத்து வைத்திருந்தது மலைக்கதைகள் சொல்லும் ஒரு நல்ல தொடர். வியாழக்கிழமை சாயங்காலம் பொறுப்பாளர் சொன்னபடி அதன் கடைசி எபிசோடைக் கேட்டேன். அந்த ஆள் ஒரு சாதியைப் பெயர் சொல்லிக் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்தான். நல்லவேளை என்று நினைத்துத் தூக்கிப் போட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகேசன் கடையில் சனங்கள் வந்து நிற்பார்கள். சனிக்கிழமைக்குள் அவருக்கு எல்லாம் போய்ச் சேர வேண்டும். பொறுப்பாளர் கண் ஆபரேஷனுக்காகச் சேலத்தில் இருந்தார். என்னோடு வேலை பார்த்த உங்களைப் போன்ற இளம் பெண் ஒருத்தி, "இந்த மாசம் பழசு எதையாவது திரும்பப் போட்டுடலாம் மேடம்" என்றாள். மிகச் சரியான யோசனை. நான் அவளை ஏதோ பெரிய தப்புச் சொல்லிவிட்டவளைப் போலப் பார்த்தேன்.

ஏன் என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். பொறுப்பு என்று அப்போது சொல்லிக்கொண்டேன். பொறுப்பு ஒன்றும் இல்லை, வெறும் பெருமை. மாதம் தவறாமல் புதுசு தருகிறவள் என்று பெயர் எடுத்திருந்தேன். ஒண்டிக்கடையில் நடந்தால் நாலு பேர், "கார்டு அக்கா போறாங்க பாரு" என்பார்கள். அந்தப் பெயருக்கு ஒரு மாதம் பங்கம் வந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது.

என்னிடம் இன்னொரு பாட்காஸ்ட் கைவசம் இருந்தது. சர்க்கரை நோய் பற்றியது. பேசுகிறவர் குரல், சொந்தத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். மலையில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. அதோடு, சர்க்கரைக்கு ஒன்று போடச் சொல்லி ஒருத்தி என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெயர் ஜெயமேரி என்று வைத்துக்கொள்வோம். மாரமங்கலம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பழம் பறிப்பவள், நாற்பத்தைந்து வயது இருக்கும். கார்டு கேட்டுவிட்டு மாதாமாதம் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஒரே ஆள் அவள்தான். அதற்காக வேலை முடிந்து, சிக்னல் கிடைக்கிற வளைவு வரைக்கும் நடந்து வருவாள். "அக்காங்க, எனக்குச் சக்கரைங்க. எங்க வரிசையிலயே மூணு பேருக்கு இருக்குதுங்க. டாக்டர் ரெண்டு நிமிசத்துல அனுப்பிப்போடறாரு. எதத் திங்கறது, எத உடறதுன்னு சொல்ற மாதிரி ஒண்ணு போடுங்களேன்" என்று மூன்று முறை கேட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை உட்கார்ந்து கேட்டேன். முதல் எபிசோட் அரிசி எவ்வளவு சாப்பிடலாம் என்பது. நன்றாக இருந்தது. இரண்டாவது நடப்பது பற்றி. மூன்றாவதில் அவரே, "டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீங்க" என்று சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நாலாவதையும் கேட்டுவிட்டு மைக்கைப் போட்டேன். "உங்க ஊட்டுல யாருக்காவது சக்கரை இருந்தா இத அவசியம் கேளுங்க. நான் கேட்டுட்டுத்தான் சொல்றேன்" என்று பேசினேன். என் நெஞ்சில் இன்றைக்கும் அறைகிற வாக்கியம் அந்தக் கடைசி வாக்கியம்தான். முப்பத்தொரு எபிசோடும் முருகேசனுக்குப் போய்விட்டன.

நான் செய்த தப்பு என்ன என்பதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவசரம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நான் அந்த நிகழ்ச்சியைக் கேட்டது சிக்னல் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு. நம்மைப் போன்றவர்கள் எதையும் நாலு எபிசோடுக்கு மேல் கேட்பதில்லை. அதற்குள் வேறொன்று வந்துவிடும். அதனால் நாலு கேட்டால் கேட்டது மாதிரிதான் என்று என் புத்தியில் பதிந்துவிட்டது. கார்டில் கேட்கிறவர்கள் அப்படி இல்லை. வரிசையாக ஐந்து, ஆறு, ஏழு என்று முப்பத்தொன்று வரைக்கும் போவார்கள். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து ஓட விடுவார்கள். அவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று இந்த மலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்தும் செய்தேன்.

பறிப்பு தொடங்கி ஐந்தாறு வாரம் இருக்கும். ஜெயமேரியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. நீளம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் அப்போது வேறொரு நிகழ்ச்சிக்கு எடிட்டிங்கில் இருந்தேன். ஒரு காதில் அது, இன்னொரு காதில் இது. "அக்காங்க, கார்டு நொம்ப நல்லாருக்குதுங்க. நீங்க போட்டதுலயே இதுதாங்க எனக்குப் பிடிச்சது. எங்க வரிசையில எல்லாரும் இதையேதான் போடச் சொல்றாங்க" என்று தொடங்கினாள். எனக்கு மனசு குளிர்ந்தது. அது போதும் என்று அதை நிறுத்தினேன். சிவப்பு இதயம் ஒன்றைப் போட்டுவிட்டு எடிட்டிங்குக்குத் திரும்பிவிட்டேன்.

பிற்பாடு முழுவதும் கேட்டேன். மீதியில் இருந்தது இது: "அவரு சொன்ன மாதிரியே மாத்திரைய உட்டுப்போட்டேனுங்க. பதினஞ்சு நாளாச்சு. ஒடம்பு லேசாத்தான் இருக்குது. ஆனா காலு மட்டும் மரத்த மாதிரியே இருக்குதுங்க. அவரு சொல்ற பொடிய வாங்கிச் சாப்பிட்டாப் போயிருமா, என்னமோ, தெரியலீங்க. இப்படிச் செய்யறது செரிதானுங்களா அக்கா? செரின்னா ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

நான் போட்ட இதயத்தைத்தான் அவள் அந்த ஒரு வார்த்தையாக எடுத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த மாதம் அவள் வீட்டுக்காரர் அந்தோணியிடமிருந்து போன் வந்தது. எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். அதுவரை அவரோடு நான் பேசியதில்லை. "ஏனுங்க, கார்டு அக்காங்களா? மேரியச் சேலத்துல பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருக்குதுங்க. உங்ககிட்டச் சொல்லச் சொன்னா" என்றார். பறிக்கும்போது காலில் முள் ஏறியிருக்கிறது. மரத்த காலில் அது அவளுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது புண். அதற்கும் அந்தப் பாட்காஸ்ட்காரன் சொன்ன ஏதோ பச்சிலையைக் கட்டியிருக்கிறாள்.

மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அங்கே போனபோது முழங்காலுக்குக் கீழே காலை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தோணி வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, உட்காரச் சொல்லி, தன் இடத்தைக் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

"டாக்டரு சத்தம் போட்டாருங்க, யாரு மாத்திரைய நிறுத்தச் சொன்னதுன்னு. இவ கார்டுல சொன்னாங்கன்னா. அவருக்கு ஒண்ணும் புரியலீங்க" என்றார். பிறகு போனை எடுத்து அந்த மெசேஜையும் கீழே இருந்த இதயத்தையும் காட்டினார்.

"உங்களக் குத்தஞ்சொல்லலீங்க. எனக்குமே சந்தேகமாத்தான் இருந்துச்சு. மாத்திரைய நிறுத்தாதேன்னு நானே ரெண்டு தடவை சண்டை போட்டேனுங்க. 'அக்காவே கேட்டுட்டுத்தான சொல்லியிருக்காங்க, இப்பப் பாரு, செரின்னு போட்டிருக்காங்க'ன்னு இதக் காட்டினா. நீங்க முழுசாக் கேட்டிருப்பீங்கன்னு நானும் உட்டுப்போட்டேனுங்க" என்றார்.

அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். கடைசி வரைக்கும் அந்த 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். என்ன வார்த்தைகளில் கேட்டேன் என்று நினைவில்லை.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து ஐந்தாவதிலிருந்து கேட்டேன். பதினொன்று வரைக்கும் ஒன்றும் இல்லை. பன்னிரண்டில் ஒரு பொடியின் பெயர் வந்தது. பதினான்கில், மாத்திரை என்பதே வியாபாரம் என்றார். பதினேழில் மாத்திரையைத் தூக்கி எறிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வைத்தார். கடைசி எபிசோட் முழுக்கவும் அந்தப் பொடி எங்கே கிடைக்கும் என்பதுதான். பொறுப்பாளர் சொன்ன வரிசையில் கேட்டிருந்தால் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். குரல் மட்டும் மாறவே இல்லை. அதே சொந்தக்காரப் பெரியவர் குரல்.

இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து, பொறுப்பாளர் கட்டோடு போனில் பேசினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "மொதல்ல உங்க குரல வெச்சே மறுப்புச் சொல்லுங்க. ஆபீஸ் பேருல சொன்னா யாரும் காது குடுக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். மேலே இருந்த நிர்வாகத்தார், "சில கருத்துகளுக்கு மருத்துவரை அணுகவும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். அதை நான் படிக்கவில்லை. நான் முழுவதும் கேட்காமல் சொன்னேன், மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஒருவருக்குக் கால் போய்விட்டது என்று புதுக் கார்டில் பேசினேன். இதற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் நான் சரியாகச் செய்த ஒரே காரியத்துக்கு அத்தாட்சி அதுதான்.

ஆனால் அதனால் பெரிதாக என்ன பயன்? பருவத்தின் தொடக்கத்தில் கார்டை ஏற்றிக்கொண்டு போனால் அவ்வளவுதான், நடுப் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பறிப்பு இருப்பதால் புதுக் கார்டு வாங்க யாரும் ஏற்காட்டுக்கு வருவதில்லை. பழையது போனிலிருந்து போனுக்குப் போய்விட்டது. முருகேசன் கடையை மூடிவிட்டு என்னோடு ஒரு நாள் முழுக்க வந்தார். ஷேர் ஜீப்பில் மஞ்சக்குட்டைக்குப் போய், எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி இறங்கி, பெண்களிடம் போனை வாங்கி அழித்தோம். சிலர் கொடுத்தார்கள். சிலருடைய கார்டு வீட்டுக்காரர் போனில் இருந்தது, அவர் வெளியூரில் இருந்தார். ஒருத்தி, பாதிக் கூடையோடு நின்றுகொண்டு, "நல்லாருக்குது கேளுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப வேண்டாங்கறீங்க. இதுல எதுங்க நெசம்? மருந்துக் கம்பெனிக்காரன் வந்து மெரட்டினானுங்களா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இரண்டாவதாக நான் சொன்னதுதான் நிஜம் என்று அவளுக்கு எதை வைத்து நிரூபிப்பது? முதலில் சொன்னபோதும் இதே குரலில்தான் சொன்னேன். அவள் கார்டைத் தரவில்லை. மரியாதையாகத் தலையாட்டிவிட்டுச் செடிக்குத் திரும்பிவிட்டாள்.

அன்றைக்கு எத்தனை போனில் அழித்தோம் என்று முருகேசன் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். திரும்பி வரும் வழியில் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இனி நீங்கள் கேட்பீர்கள், அப்படியானால் என்னதான் செய்வது மேடம் என்று. முழுவதும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு முடிக்கத்தான் எனக்கும் ஆசை. முழுவதும் கேளுங்கள்தான். வாய்ஸ் மெசேஜையும் கடைசி வரைக்கும் கேளுங்கள், பாராட்டு முடிகிற இடத்தில்தான் ஆட்கள் கேள்வியைத் தொடங்குகிறார்கள். கை ஓய்வாக இல்லாதபோது இதயம் போடாதீர்கள். புதுசு கிடைக்காவிட்டால் பழசைப் போடுங்கள், இல்லையென்றால் இந்த மாதம் ஒன்றும் இல்லை என்று மைக்கில் சொல்லுங்கள். இதெல்லாம் செய்யக்கூடியவைதான். ஆனால் இதையெல்லாம் செய்துவிட்டால் நாம் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் சிபாரிசு செய்கிற நிகழ்ச்சிக்கு நாளைக்கு ஒரு புது எபிசோட் வரும். அதில் அந்த நல்ல மனிதர் என்ன பேசுவார் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்களுக்கு அனுப்பிய பட்டியலில் இருக்கும் கண்டக்டர்கூட நாளைக்கே பொடி விற்கத் தொடங்கலாம். அப்போதும் ஒருத்தி, போன வருடம் நீங்கள் சொன்னதை நம்பிக் கேட்டுக்கொண்டிருப்பாள். இதற்கு என்னிடம் வழி இல்லை. இருக்கிறது என்று சொன்னால் அது பொய்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் வேலை பார்த்தேன். தேர்ந்தெடுக்கிற வேலையை நிர்வாகம் ஒரு குழுவிடம் கொடுத்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்ட தண்டனை என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு அது விடுதலையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் கால் போனதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன மெமோவும், வேலையில் கொஞ்சம் பாரம் குறைந்ததும்தான்.

ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் மாரமங்கலம் பஸ்ஸில் ஏறி அவளைப் பார்க்கப் போனேன். பகல் பதினொரு மணி இருக்கும். அந்தோணி ஜீப் எடுத்துப் போயிருந்தார். வாசலில் நாற்காலி போட்டு மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட் வேலை போய்விட்டது. சரிவில் ஒற்றைக் காலோடு யாரால் நிற்க முடியும்? செயற்கைக் கால் ஒன்று கொடுத்திருந்தார்கள். மேடு பள்ளத்தில் அது ஒத்துவரவில்லை, சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

"வாங்க அக்கா, வாங்க. நீங்க வருவீங்கன்னு நெனைக்கவே இல்லீங்க" என்று முகமெல்லாம் சிரிப்பு. எழுந்திருக்கப் பார்த்தாள். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கொண்டுபோன பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனதைச் சொன்னேன். "மேரி, அன்னைக்கு உன் மெசேஜ நான் முழுசாக் கேக்கல. உன் காலு போனதுக்கு நான்தான் காரணம்."

"அத உடுங்க அக்கா. நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? எனக்கும் புத்தி எங்க போச்சு?" என்றாள். பிறகு மிளகை ஒதுக்கி வைத்துவிட்டு, இத்தனை நாள் கேட்பதற்காகவே காத்திருந்த மாதிரி, மடியிலிருந்து போனை எடுத்தாள். இப்போது அந்தப் பக்கமும் டவர் வந்துவிட்டது. திரையில் ஏதேதோ நிகழ்ச்சிகள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தன.

"இதுல ஆயிரம் வருதுங்க. எதக் கேக்கறது, எத உடறதுன்னே தெரியலீங்க. உங்களத் தவிர இதச் சொல்ல எனக்கு ஆருங்க இருக்காங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும். நொம்ப நீளமா இருக்கறதாப் பாத்துச் சொல்லுங்க அக்கா. முன்ன மாதிரி எங்கயும் போறதில்ல பாருங்க, பொழுதே போக மாட்டேங்குது."

போனை என் கையில் கொடுத்தாள். கண்டக்டர் பேசுவதை நான் முதலிலிருந்து கடைசி வரைக்கும் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். அம்மாவும் மகளும் சமைப்பதை ஒரு நொடி விடாமல் கேட்டிருக்கிறேன். அந்தப் பெயர்களைத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து இரண்டு மெசேஜ் வந்திருக்கின்றன. இரண்டையும் கடைசி வரைக்கும் கேட்டேன். இரண்டிலும் அதையேதான் கேட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.